இரண்டாம் நம்பர் கயிறு

டெஸ்மண்ட் பார்கிட்டர் இங்கிலாந்தின் தென்கோடியிலிருந்து ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரையிலிருக்கும் பிட்டன்ரீக்குக் குடிவந்து பதினான்கு வருடம் ஆகிறது. பிட்டன்ரீ கணக்கில் அது நேற்று மத்தியானம் வந்த மாதிரி. மூன்று தலைமுறை அங்கேயே வாழ்ந்து, அதில் ஒருவராவது மீன்பிடிக்கப் போய் மூழ்கியிருந்தால்தான் 'நம்ம பக்கத்து ஆளு மாதிரி' என்று லேசாக முனகுவார்கள்.

மனிதர் தங்கமானவர். மரியாதை என்ற வியாதிதான் முற்றிப் போயிருந்தது. கடைத்தெருவில் தபால் பெட்டி மேல் இடித்துக்கொண்டால் அதனிடம் மன்னிப்புக் கேட்பார். ஒரு கடற்பறவை அவர் கையிலிருந்த மீன் வறுவலைப் பிடுங்கிக்கொண்டு பறந்தபோது, "ஐயோ, மன்னிக்கணும், உங்களுதா?" என்று வானத்தைப் பார்த்துக் கேட்டாராம். பார்த்தவர்கள் பன்னிரண்டு பேர், எல்லோரும் சத்தியம் செய்கிறார்கள்.

டீ குடிக்கிறீர்களா என்றால் முதல் தடவை வேண்டாம் என்பார். இரண்டாம் தடவை கேட்டால், "உங்களுக்கு எதுக்குச் சிரமம்" என்பார். மூன்றாம் தடவை வற்புறுத்தினால், அந்த வீட்டுக்காரர்களுக்காக மனமிரங்கிக் குடிப்பார். அவர் பிறந்த பக்கம் அதுதான் முறை. பிட்டன்ரீயிலோ இரண்டாம் தடவை கேட்கிற வழக்கமே கிடையாது. வேண்டாம் என்றால் வேண்டாம். ஆகவே வந்த நாளிலிருந்தே டெஸ்மண்ட் ஊரிலுள்ள அத்தனை வீடுகளிலும் நாக்கு வறள உட்கார்ந்திருந்துவிட்டு, "அருமையான உபசரிப்பு" என்று சொல்லிக்கொண்டு திரும்பி வந்துகொண்டிருந்தார்.

பக்கத்து வீடு டூகல் இம்ரியுடையது. துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். அவர் தும்மினால் படகுகள் திசை மாறும். காலையில் இரண்டு தோட்டங்களுக்கும் நடுவிலிருந்த கல்சுவரில் முழங்கையை ஊன்றிக்கொண்டு ஆரம்பிப்பார்.

"டேய் இங்கிலீஷ்காரா! ஓட்ஸ் கஞ்சியில சர்க்கரை போட்டுத் திங்கிறியாமே? வெக்கமா இல்ல? உப்பைப் போடு. அப்பவாவது மீசை முளைக்குதான்னு பாப்போம்."

"நல்ல யோசனை, டூகல். ரொம்ப நன்றிங்க."

டூகலின் முகம் தொங்கிப்போகும். "திட்டினா திருப்பித் திட்டணும்டா! உங்கம்மா உன்னை வளர்த்தாங்களா, இல்ல இஸ்திரி போட்டு மடிச்சு வச்சாங்களா?"

"எங்கம்மாவை விசாரிச்சதுக்கு நன்றிங்க."

கால்பந்துப் போட்டி நடக்கும் நாட்களில் டூகலுக்குச் சொந்த நாடே கிடையாது. இங்கிலாந்தோடு எவன் விளையாடுகிறானோ அவன் நாடுதான் அவர் நாடு. ஒரு தடவை, எங்கே இருக்கிறது என்றே தெரியாத ஒரு குட்டி நாட்டுக்காக இரண்டு வாரம் ஜன்னலில் கொடி கட்டினார். அந்தக் கொடியைத் தலைகீழாகத்தான் கட்டியிருந்தார் என்பது பிற்பாடு தெரிந்தது. இங்கிலாந்து தோற்றதும் தெருவே அதிரக் கூத்தாடினார். சாயங்காலம் சுவருக்கு இந்தப் பக்கம் ஒரு தட்டு வந்தது. தட்டில் பழக் கேக்.

"இந்தா, தின்னு. அந்தக் கோல்கீப்பர் பாவம்டா" என்றார், முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு.

நான்கு வருடத்துக்கு முன்பு டெஸ்மண்டின் மனைவி ப்ரூடன்ஸ் இறந்துபோனார். அவர் பிறந்த ஊரிலேயே தகனம் செய்யலாம் என்று ப்ரூடன்ஸின் தங்கை கேட்டதால் தெற்கே கொண்டுபோனார்கள். எல்லாம் சுத்தமாக, நேரத்துக்கு நடந்தது. கறுப்புக் கோட்டுக்காரர்கள் வந்தார்கள், தூக்கினார்கள், வைத்தார்கள். ஒரு பொத்தானை அழுத்தினார்கள், திரை மெல்ல மூடிக்கொண்டது. அந்த நேரம் முழுவதும் டெஸ்மண்டுக்குத் தன் இரண்டு கைகளையும் எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. பையில் விட்டார், எடுத்தார், மறுபடி விட்டார். ஊர் திரும்பிய மறுநாள் காலையில் ஜன்னல் வழியாகப் பார்த்தால், அவருடைய உருளைக்கிழங்குப் பாத்தியை டூகல் கொத்திக்கொண்டிருந்தார். ஆறுதலாக ஒரு வார்த்தை கிடையாது. பாத்தி முழுவதையும் கொத்தி முடித்துவிட்டு, "உன் மண்வெட்டி மட்டம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். டெஸ்மண்ட் அன்றைக்குத்தான் முதன்முதலாக அழுதார்.

அந்த டூகல்தான் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து வானிலை அறிக்கை கேட்டுக்கொண்டிருந்தவர், "பொய்" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடினார். திறக்கவில்லை. மழை வராது என்றிருந்தார்கள், அடித்துக் கொட்டியது.

டெஸ்மண்ட் கழுத்துப்பட்டை கட்டிக்கொண்டு, எலுமிச்சைக் கேக்கை எடுத்துக்கொண்டு துக்க வீட்டுக்குப் போனார். டூகலின் மனைவி இஷ்பெல் சமையலறை மேஜையில் உட்கார்ந்து கரண்டிகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். அழுத கண், நிமிர்ந்த முதுகு.

"உக்காரு. வெள்ளிக்கிழமை அடக்கம். ரெண்டாம் நம்பர் கயிறு உனக்கு. புடிக்கிறியா?"

கயிறா? டெஸ்மண்ட் குழம்பினார். பிட்டன்ரீயில் அவர் போன துக்கங்களில் எல்லாம் மரியாதை கருதிக் கடைசி வரிசையில், குடைகளுக்குப் பின்னால் நின்றவர். குழிப் பக்கம் என்ன நடக்கிறதென்று எட்டிக்கூடப் பார்த்ததில்லை. ஏதோ கௌரவமான காரியம் என்று மட்டும் புரிந்தது. கௌரவத்தை முதல் தடவையிலேயே வாங்கிக்கொள்கிறவன் மனிதனா?

"ஐயய்யோ, அதெல்லாம் எனக்கு எதுக்குங்க? நான் யாரு? குடும்பத்துல யாருக்காவது குடுங்க, இஷ்பெல். நெசமாத்தான் சொல்றேன்."

சொல்லிவிட்டு, அடுத்த தடவை கேட்பதற்காகத் தலையைச் சற்றுச் சாய்த்துக் காத்திருந்தார்.

இஷ்பெல்லின் கையில் கரண்டி நின்றது. "சரி" என்றார். எழுந்து கதவைத் திறந்து விட்டார். மழை உள்ளே வந்தது. டெஸ்மண்ட் வெளியே போனார். கேக்கும் அவர் கையோடு போனது.

*

மறுநாள் காலை ரொட்டி வாங்க எல்ஸ்பெத்தின் கடைக்குள் நுழைந்ததும் பேச்சு நின்றது. வெண்ணெய் பிஸ்கட் அடுக்கும் சத்தம் நின்றது. கடையின் பழைய ஐஸ்பெட்டிகூட உறுமலை நிறுத்திக்கொண்டதாகத்தான் டெஸ்மண்டுக்குத் தோன்றியது. நின்றிருந்த இரண்டு பேரும் எதையும் வாங்காமல் வெளியே போனார்கள்.

எல்ஸ்பெத் நாற்பது வயதுக்காரி. ஊர்ச் செய்தி அவள் கடைக்கு வந்த பிறகுதான் நடக்கவே நடக்கும்.

"கயிறு வேண்டாம்னியாமே" என்றாள்.

"அது வந்து... அவங்க குடும்ப விஷயம். நான் குறுக்க நிக்கக் கூடாதுன்னு—"

"டெஸ்மண்ட், கயிறுன்னா என்னன்னு உனக்குத் தெரியுமா, தெரியாதா?"

அவர் ரொட்டி அடுக்கைப் பார்த்தார். எல்ஸ்பெத் நெற்றியில் அடித்துக்கொண்டாள். கல்லா மேல் ஒரு ரொட்டியை வைத்து, அதைச் சுற்றி எட்டு மெழுகுவர்த்திகளை நிறுத்தினாள்.

"இது பெட்டி. இங்க எட்டுக் கயிறு. உங்க ஊர்ல மாதிரி கூலிக்காரன் எறக்க மாட்டான் இங்க. செத்தவரோட ஆளுங்கதான் கயித்தைப் புடிச்சு அவரைக் குழிக்குள்ள எறக்குவாங்க. தலைமாட்டுல ஒண்ணாம் நம்பர், அது இஷ்பெல். கால்மாட்டுல ரெண்டாம் நம்பர். அதுக்கப்புறம்தான் மத்த சொந்தக்காரன் எல்லாம். சில வீட்டுல இந்த ரெண்டாம் நம்பருக்காக அண்ணன் தம்பி இருபது வருஷம் பேசாம இருந்திருக்காங்க. அதை உனக்குக் குடுத்தாங்க. நீ 'எனக்கு எதுக்கு'ன்னுட்டே."

டெஸ்மண்டின் காதுகள் முதலில் சிவந்தன. பிறகு வெளுத்தன.

"நான் வேண்டாம்னு சொல்லலையே!"

"பின்ன என்ன சொன்னே?"

"வேண்டாம்னுதான் சொன்னேன்... ஆனா அவங்க மறுபடி கேப்பாங்கன்னு..."

எல்ஸ்பெத் ஒரு மெழுகுவர்த்தியை எடுத்துக் கல்லாவில் தட்டினாள். "மறுபடியா? எதுக்கு? அவங்களுக்குக் காது நல்லாத்தானே கேக்குது?"

பதினான்கு வருடத்தில் குடிக்காமல் விட்ட அத்தனை டீயும் அந்தக் கணத்தில் டெஸ்மண்டின் நினைவுக்கு வந்தது. அதைப் பற்றி அவருக்கு வருத்தமில்லை. பாத்தியைக் கொத்திக்கொடுத்த மனிதனை மண்ணுக்குள் இறக்க ஒரு கை கேட்டார்கள். கையைப் பையில் விட்டுக்கொண்டு வந்துவிட்டோம் என்பதுதான் அவரைக் குடைந்தது.

ரொட்டியை மறந்துவிட்டு நேரே இஷ்பெல் வீட்டுக்கு ஓடினார். 'ஓடினார்' என்பது கொஞ்சம் அதிகம்தான். வழியில் ஒரு நாய்க்கு வழிவிட்டு நின்றார்.

"வணக்கம், இஷ்பெல். தொந்தரவு பண்றேனோ?"

"சொல்லு."

"காத்து இன்னைக்குக் கொஞ்சம் குறைஞ்சிருக்கு."

அவர் சொல்லும்போதே பின்வீட்டுக் குப்பைத்தொட்டி ஒன்று தெருவில் பறந்து போனது.

"சொல்லு, டெஸ்மண்ட்."

"ஒண்ணுமில்ல... நேத்து நாம பேசினோம் பாருங்க... ஒருவேளை, உங்களுக்குச் சிரமம் இல்லேன்னா, யாருக்கும் மனவருத்தம் இல்லாத பட்சத்துல, அந்த ஏற்பாட்டைக் கொஞ்சம், அதாவது, மறுபடி ஒரு தடவை யோசிக்க ஏதாவது வாய்ப்பு இருக்குமோன்னு, சும்மா ஒரு எண்ணம்..."

இஷ்பெல் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். உதவி செய்யவில்லை. ஆள் சேற்றில் எவ்வளவு ஆழம் போவார் என்று பார்க்கிற மாதிரி இருந்தது அந்தப் பார்வை.

"...இல்லேன்னாலும் பரவாயில்ல, நான் தப்பா எடுத்துக்க மாட்டேன், உங்க விருப்பம்தான் முக்கியம்—"

"டெஸ்மண்ட்! உனக்கு என்னதான்யா வேணும்?"

"எனக்கு அந்தக் கயிறு வேணும்!"

கத்தியே விட்டார். அறுபத்தெட்டு வருட வாழ்க்கையில் 'எனக்கு வேணும்' என்ற சொற்கள் அவர் வாயிலிருந்து சேர்ந்தாற்போல் வந்தது அதுதான் முதல் தடவை. சொல்லிவிட்டு, யார் சொன்னது என்று பின்னால் திரும்பிப் பார்த்தார்.

இஷ்பெல்லின் உதட்டோரம் ஏதோ அசைந்தது. பிறகு இறுகியது.

"இதை நேத்தே சொல்லித் தொலைச்சிருக்கலாம். ஆர்ச்சிக்குக் குடுத்துட்டேன். எந்தக் கயிறு யாருக்குன்னு பேரைப் போட்டு அட்டையும் வந்தாச்சு. குடுத்ததைத் திருப்பி வாங்கற வழக்கம் எனக்குக் கிடையாது."

ஆர்ச்சி டூகலின் பெரியப்பா மகன், உருளைக்கிழங்கு விவசாயி. ஒரு தோளில் ஒரு மூட்டை, மறு தோளில் இன்னொன்று, பல்லில் மூன்றாவது என்று தூக்கக்கூடியவர். அவரிடமிருந்து எதையும் பிடுங்கிய ஆள் இன்னும் பிறக்கவில்லை.

"புரியுது" என்றார் டெஸ்மண்ட். "மன்னிச்சுக்குங்க."

"அடக்கத்துக்கு வா. குழிக்குப் பக்கத்துல நில்லு. குடை எடுத்துட்டு வராதே, பறந்து நார்வே போயிடும்."

*

வெள்ளிக்கிழமை வானம் டூகலின் வானிலை அறிவுக்கு மரியாதை செலுத்தியது. மழை மேலிருந்து விழவில்லை. கடலிலிருந்து புறப்பட்டுப் படுக்கைவாக்கில் வந்து ஒரு காதில் நுழைந்து மறு காதில் வெளியேறியது. பிட்டன்ரீ முழுவதும் கல்லறைத் தோட்டத்தில் நின்றது, ஒரு குடை இல்லாமல். தேவாலயத்திலிருந்து பெட்டியைத் தோளில் சுமந்து வந்தவர்களில் முன்னால் நின்றவர் ஆர்ச்சி. அவர் பக்கம் மட்டும் பெட்டி ஒரு சாண் உயர்ந்தே இருந்தது.

டெஸ்மண்ட் குழிக்குச் சற்றுத் தள்ளி நின்றார். கைகளைப் பையில் விட்டார், எடுத்தார்.

அடக்கங்களை நடத்திவைக்கிற கில்கிறிஸ்ட் நெட்டையான மனிதர். சின்ன அட்டைகளில் பெட்டியின் படம் போட்டு, எந்த மூலையில் யார் என்று எண் எழுதி முன்கூட்டியே கொடுத்திருந்தார். இப்போது உரக்க எண்களைக் கூப்பிட்டார்.

"ஒண்ணு."

இஷ்பெல் போய்த் தலைமாட்டில் நின்றார். கறுப்புக் குஞ்சம் வைத்த கயிற்றை வாங்கிக் கையில் சுற்றிக்கொண்டார்.

"ரெண்டு."

யாரும் நகரவில்லை.

"ரெண்டு. ஆர்ச்சி."

ஆர்ச்சி ஓர் அடி முன்னால் வந்தார். நின்றார். இடுப்பில் கை வைத்தார். "ஆ" என்றார். கண் தெரியாதவருக்கும் தெரிந்துவிடும் அளவுக்கு மோசமான நடிப்பு. பள்ளிக்கூட நாடகத்தில் மரமாக நிற்கக்கூட அவரைச் சேர்த்திருக்க மாட்டார்கள்.

"என் முதுகு போச்சு" என்றார், வானத்தைப் பார்த்து.

சற்றுமுன் பெட்டியை ஒற்றைத் தோளில் கொண்டுவந்த அதே முதுகு. ஊரே வானத்தைப் பார்த்தது. இஷ்பெல்லும் பார்த்தார். பாதிரியார் முதலில் அவர்களைப் பார்த்தார், பிறகு அவரும் வானத்தைப் பார்த்தார்.

ஆர்ச்சி டெஸ்மண்டின் முன்னால் வந்து நின்று நனைந்துபோன அட்டையை நீட்டினார்.

"நீ புடிக்கிறியா? ஒரு தடவைதான் கேப்பேன்."

டெஸ்மண்டின் வாய் திறந்தது. அறுபத்தெட்டு வருடப் பழக்கம் தொண்டை வரைக்கும் ஏறி வந்தது. 'ஐயய்யோ, நான் எப்படிங்க' என்பது நாக்கு நுனிக்கே வந்து உட்கார்ந்துவிட்டது. கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டது. எல்ஸ்பெத் கண்ணை மூடிக்கொண்டாள். மழைகூட அரை நொடி அந்தரத்தில் நின்று பார்த்தது.

டெஸ்மண்ட் வாயை மூடினார். எச்சிலை விழுங்கினார். அதோடு அந்த வாக்கியமும் உள்ளே போனது.

"புடிக்கிறேன்" என்றார்.

கால்மாட்டில் போய் நின்றார். கில்கிறிஸ்ட் கயிற்றைக் கொடுத்து, "ரெண்டு கையாலயும்" என்றார். மற்ற எண்களும் வந்து நின்றன. பெட்டி எழுந்தபோது டூகலின் கனம் டெஸ்மண்டின் உள்ளங்கைக்கு வந்தது. நல்ல கனம். எதிரே, தலைமாட்டில் இஷ்பெல். பெட்டியின் நீளத்துக்கு இடையில் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"விடுங்க... மெதுவா... மெதுவா..."

ஈரக் கயிறு விரல்களுக்கிடையில் நழுவியது. தோல் எரிந்தது. திரை இல்லை, பொத்தான் இல்லை. அவர் விட்டால்தான் டூகல் இறங்க முடியும். அவர் கொஞ்சம் கொஞ்சமாக விட்டார். கடைசியில் கனம் போனது. எல்லோரும் கயிற்று நுனியைக் குழிக்குள் போட்டார்கள். டெஸ்மண்டும் போட்டார். கையைப் பையில் விடத் தோன்றவில்லை.

"போயிட்டு வாடா" என்றார், உதடு மட்டும் அசைய.

*

பிறகு துறைமுக ஹோட்டலில் சாப்பாடு. ஸ்காட்லாந்தில் ஒருவர் இறந்தால் மாட்டுக்கறி அடைத்துச் சுட்ட பணியாரமும் விஸ்கியும் இல்லாமல் ஆன்மா ஊர் எல்லையைத் தாண்டாது. ஈரக் கம்பளி நாற்றத்தில் ஊர் முழுக்க உட்கார்ந்திருந்தது. ஆர்ச்சி தன் போன முதுகோடு இரண்டு மேஜைகளை ஒன்றாக இழுத்துப் போட்டார்.

"உனக்கு ரெண்டாம் நம்பரைக் குடுக்கச் சொன்னது நான் இல்ல" என்றார் இஷ்பெல், டெஸ்மண்டின் பக்கத்தில் உட்கார்ந்து. "அவர்தான். போன புத்தாண்டுக்கே சொல்லிட்டார்."

"டூகலா? ஏன்?"

இஷ்பெல் தொண்டையைச் சரிசெய்துகொண்டார். டூகல் மாதிரியே குரலை இறக்கினார். ஹோட்டல் முழுக்க அவர் பக்கம் திரும்பியது.

"'அந்த இங்கிலீஷ்காரன் என் காலடியில நிக்கணும், இஷ்பெல். எழுநூறு வருஷமா நம்ம ஸ்காட்லாந்து ஆளுங்க இங்கிலாந்தோட இதுக்குத்தான் சண்டை போட்டாங்க. ஒருத்தனுக்கும் கிடைக்கல. எனக்குக் கிடைக்கணும்.'"

ஹோட்டல் வெடித்தது. மேஜைகளைத் தட்டினார்கள். எல்ஸ்பெத் விஸ்கியை மூக்கு வழியாக வெளியேற்றினாள். டெஸ்மண்டும் சிரித்தார், சிரிப்பதற்குள் கண்ணில் நீர் வந்துவிட்டது. எல்லோரும் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வழக்கமான 'ரொம்ப நன்றிங்க'வுக்காகக் காத்திருந்தார்கள்.

டெஸ்மண்ட் எழுந்து நின்றார். கழுத்துப்பட்டையைச் சரிசெய்தார்.

"காலடியில நின்னதாலதான் ஒண்ணு தெரிஞ்சுது. பெட்டியில கனமே இல்ல. ஒரே டீப் பையை மூணு நாள் வச்சுக் குடிச்ச கருமி, இப்பவும் பாதி உடம்பை மிச்சம் புடிச்சு வீட்டுலயே ஒளிச்சு வச்சுட்டான். இஷ்பெல், போனதும் அலமாரியைத் தொறந்து பாருங்க."

முள்கரண்டிகள் அந்தரத்தில் நின்றன. பாதிரியார் தட்டைப் பார்த்தார். டெஸ்மண்டின் தொண்டைக்குள் மன்னிப்பு ஒன்று தயாராகிக்கொண்டிருந்தது.

ஆர்ச்சி வாயிலிருந்ததை மென்று விழுங்கினார். ஊருக்கு மூத்தவர் அவர்தான். தீர்ப்பு அவர் சொல்ல வேண்டும்.

"பரவாயில்ல" என்றார்.

அந்த ஊரில் அதற்கு மேல் புகழ்ச்சி கிடையாது. கல்யாண உடுப்பில் வந்து நின்ற இஷ்பெல்லைப் பார்த்து டூகல் சொன்னதும் அந்த ஒரு சொல்தான். அதை நாற்பத்தாறு வருடமாக அவர் பொத்தி வைத்திருக்கிறார். இப்போது இஷ்பெல்லின் தோள்கள் குலுங்கின. சிரிக்கிறாரா அழுகிறாரா என்று யாருக்கும் தெரியவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து, கறிப் பணியாரம் இருந்த பெரிய தட்டை இழுத்தார்.

"டெஸ்மண்ட், இன்னொரு துண்டு—"

"வேணும்" என்றார் டெஸ்மண்ட்.